அம்பத்தூரில் பிறக்காத அம்பத்தூர்க்காரர்கள்

இந்தத் தேடல் ஒரு ரேஷன் கடை வரிசையில் தொடங்கியது. எனக்கு முன்னால் நின்றிருந்த பெரியவர், எங்கள் தெருவிலேயே மூத்தவர், வரிசையின் நீளத்தைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "எல்லாம் வெளியூர் ஜனங்க வந்து ரொப்பிட்டாங்கம்மா. நான் வந்தப்ப இந்தத் தெருவுல மூணே வீடு."

"நான் வந்தப்ப" என்றுதான் அவரும் சொன்னார். விழுப்புரம் பக்கத்திலிருந்து எண்பதுகளின் தொடக்கத்தில் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு, நாங்கள் எஸ்டேட் என்று சொல்லும் இடத்துக்கு, வேலைக்கு வந்தவர். அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அம்பத்தூரில் நாற்பது வருஷம் இருந்துவிட்டால் யாருக்கும் அந்தப் பேச்சு வரும். என் அப்பாவும் அப்படிப் பேசியவர்தான். ஆனால் அவர் சொன்னதற்குள் ஒரு கேள்வி இருந்தது. பல வருஷமாக மக்கள்தொகைக் கணக்கைப் படிப்பவள் நான். அதற்கு எண்ணோடு ஒரு பதில் என்னிடம் இல்லை என்பது அன்றிரவு உறுத்தியது. எங்கள் ஊர் பெருத்தது பிறப்பாலா, வரவாலா? என்ன விகிதத்தில்?

கணக்கு எளியது. ஓர் ஊரின் ஜனத்தொகை நான்கு வழிகளில்தான் மாறும்: பிறப்பு, இறப்பு, வரவு, போக்கு. ஜெர்மனியில் 1972 முதல் ஒவ்வோர் ஆண்டும் பிறப்பைவிட இறப்பே அதிகம். ஆனாலும் அந்த நாட்டில் அன்று இருந்ததைவிட இன்று ஆட்கள் அதிகம். அந்தக் கூடுதல் முழுவதும் வெளியிலிருந்து வந்தவர்களால் என்று அவர்களால் உறுதியாகச் சொல்ல முடிகிறது. வீடு மாறினாலே நகராட்சியில் போய்ப் பதிய வேண்டும் என்பது அங்கே சட்டம். ஸ்வீடன் 1749-லிருந்தே மக்கள்தொகைப் புள்ளிவிவரம் திரட்டி வரும் நாடு. நம் நாட்டில் பிறப்புக்கும் இறப்புக்கும் பதிவேடு உண்டு. தஞ்சாவூரிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வந்து அம்பத்தூரில் இறங்குகிறவரை எழுதிவைக்கப் பதிவேடு எதுவும் கிடையாது. வந்தவர்களை நேரடியாக எண்ண வழியில்லை என்றால், மொத்த வளர்ச்சியிலிருந்து பிறப்பு இறப்பைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பார்க்க வேண்டியதுதான்.

அதனால் முதலில் பிறப்புப் பதிவேட்டைத் தேடினேன். அங்கேயே தடம் தவறினேன்.

பழைய பதிவேடுகளைப் பார்க்க ஓர் அலுவலகத்துக்கு மூன்று முறை போனேன். கடைசியில் கிடைத்த கட்டு ஒன்றில் நடுப்பக்கங்கள் செல்லரித்து, தொட்டால் உதிர்ந்தன. உதிராத பக்கங்களில் இருந்த எண்ணிக்கை என்னைக் குழப்பியது. இத்தனை தெருக்களும் பள்ளிக்கூடங்களும் உள்ள ஊருக்கு அந்தப் பிறப்புகள் மிகக் குறைவாகத் தோன்றின. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவர் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டார்: "நீ அதுல இருக்கியா?"

நான் அதில் இல்லை. என் தம்பியும் இல்லை. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பதால் நான் பிறந்தது கும்பகோணத்தில். மூன்றாம் மாதம் அம்பத்தூருக்குத் தூக்கி வந்தார்கள். தம்பி பிறந்தது கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில். 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, குழந்தை எங்கே பிறக்கிறதோ அங்கேதான் பதிவு; பெற்றோர் எந்த ஊரில் குடியிருக்கிறார்கள் என்பது கணக்கில்லை. ஆகவே நான் கும்பகோணத்துக் கணக்கு, தம்பி சென்னை மாநகராட்சிக் கணக்கு. அம்பத்தூரிலேயே வளர்ந்த எங்கள் இருவரில் ஒருவர்கூட அம்பத்தூரின் பிறப்பு ஏட்டில் கிடையாது. எங்கள் தெருவில் பதினோரு வீடுகளில் விசாரித்தேன். கதை பெரும்பாலும் இதுதான்: ஒன்று தாய்வீடு, இல்லாவிட்டால் எழும்பூர் அல்லது கீழ்ப்பாக்கம்.

பிறப்பு ஏட்டை மூடிவைத்தேன். அதை மட்டும் நம்பியிருந்தால், இங்கேயே வளர்ந்த பிள்ளைகளையெல்லாம் வெளியூரிலிருந்து வந்தவர்களாக எண்ணியிருப்பேன்.

அடுத்தது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. கன்னிமாரா நூலகத்தில் செங்கல்பட்டு மாவட்டத்தின் கணக்கெடுப்புக் கையேடுகளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பெசன்ட் நகர் ராஜாஜி பவனில் உள்ள கணக்கெடுப்பு இயக்ககத்துக்கும் சில நாள் போனேன். இந்த வேலையில் பாதி நேரம் எல்லைகளோடுதான் போகிறது. அம்பத்தூரும் ஆவடியும் பூந்தமல்லியும் பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்குள் இருந்தவை. 1997-ல் திருவள்ளூர் தனி மாவட்டமானது. 2011 அக்டோபரில் அம்பத்தூர் நகராட்சி சென்னை மாநகராட்சிக்குள் போய் ஏழாவது மண்டலமானது. 2018-ல் அம்பத்தூர் வட்டமே திருவள்ளூரிலிருந்து சென்னை மாவட்டத்துக்கு மாறியது. 2019 ஜூனில் ஆவடி மாநகராட்சி ஆனது. பெயர் அதேதான், அது குறிக்கும் நிலப்பரப்பு வேறு. எல்லை நகர்ந்ததைக் கவனிக்காமல் இரண்டு எண்களைக் கழித்தால், ஆட்கள் வந்தார்கள் என்று நினைப்போம். உண்மையில் வந்தது கோடாக இருக்கும்.

இதில் ஒரு நல்லகாலம் வாய்த்தது. 2011 கணக்கெடுப்பு நடந்தது பிப்ரவரியில். அம்பத்தூர் மாநகராட்சியோடு இணைந்தது அக்டோபரில். எட்டு மாதம் முந்திக்கொண்டதால் 2001, 2011 இரண்டிலும் அம்பத்தூர் தனி நகராட்சியாகவே எண்ணப்பட்டிருக்கிறது. அந்தப் பத்தாண்டுதான் எங்கள் ஊரைத் தனியாக அளக்கக் கிடைத்த கடைசிச் சந்தர்ப்பம். அதற்குப் பிறகு நாட்டில் கணக்கெடுப்பே நடக்கவில்லை.

எண்கள் இவை. 2001-ல் மூன்று லட்சத்தைச் சற்றே தாண்டியிருந்த அம்பத்தூர், 2011-ல் 4,66,205. ஆவடி 2 லட்சத்து 30 ஆயிரம் அளவிலிருந்து 3,45,996. இரண்டும் பத்தே ஆண்டில் ஒன்றரை மடங்கு. பூந்தமல்லி 42,604-லிருந்து 57,224. திருவள்ளூர் மாவட்டம் முழுவதும் 27,54,756-லிருந்து 37,28,104. அதாவது 35 சதவீத வளர்ச்சி, புதிதாக 9,73,348 பேர்.

இதில் பிறந்து சேர்ந்தவர் எத்தனை? ஊர் அளவில் நம்பகமான பிறப்பு எண்ணிக்கை இல்லாதபோது ஆய்வாளர்கள் செய்வது, மாநிலத்தின் வளர்ச்சி விகிதத்தை அளவுகோலாக வைத்துக்கொள்வது. மாநிலம் வளர்ந்த வேகத்திலேயே ஊரும் வளர்ந்திருந்தால் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று பார்த்து, அதற்கு மேற்பட்டதை வரவு என்று கொள்வார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். தொடங்கிய இடத்தில் அளவுகோலே ஆடியது.

தமிழ்நாடு 1991-க்கும் 2001-க்கும் இடையில் 11.72 சதவீதம் வளர்ந்தது. அடுத்த பத்தாண்டில் 15.61 சதவீதம். அந்தப் பத்தாண்டில் தமிழ்நாட்டுப் பெண்கள் பெற்ற பிள்ளைகள் கூடவில்லை, குறைந்தார்கள். மாதிரிப் பதிவுத் திட்டத்தின் கணக்குப்படி ஒரு பெண்ணுக்கு சராசரியாக 2 பிள்ளை என்றிருந்தது 1.7 ஆகச் சரிந்தது. ஆயிரம் பேருக்கு 19 என்றிருந்த பிறப்பு விகிதம் 16-க்கு இறங்கியது. இறப்பு ஏழரையிலேயே நின்றது. கழித்தால் வருஷத்துக்கு ஒரு சதவீதம், பத்தாண்டுக்குச் சுமார் பத்து. 2011-ல் தமிழ்நாடு 6.74 கோடியாக இருக்கும் என்று மத்திய அரசின் நிபுணர் குழு முன்கூட்டியே கணித்திருந்தது. எண்ணிப் பார்த்தபோது 7.21 கோடி. கிட்டத்தட்ட அரைக்கோடிப் பேர் கணிப்புக்கு வெளியே நின்றார்கள். வெளி மாநிலத்தவர் வரவு ஒரு காரணம் என்றார்கள். 2001-ல் விட்டுப்போனவர்கள் 2011-ல் எண்ணப்பட்டிருக்கலாம் என்றார்கள். எதுவானாலும், 15.61 என்ற மாநில விகிதத்துக்குள்ளேயே வரவும் கலந்திருக்கிறது. அதைச் சுத்தமான பிறப்பு வளர்ச்சி என்று எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

அதனால் இரண்டு அளவுகோலையும் வைத்து அளந்தேன். மாநில விகிதமான 15.61 கறாரானது, வரவைக் குறைத்துக் காட்டும். பிறப்பு இறப்பிலிருந்து வரும் பத்து சதவீதம் தாராளமானது. உண்மை இரண்டுக்கும் நடுவில் இருந்தாக வேண்டும். மாவட்டம் முழுவதற்கும் பார்த்தால், கறாரான கணக்கிலேயே புதிதாகச் சேர்ந்தவர்களில் பாதிக்கு மேல், 5 லட்சத்து 43 ஆயிரம் பேர், வந்தவர்கள். மற்றதில் எழுபது சதவீதம். அம்பத்தூரிலும் ஆவடியிலும் இது இன்னும் கூடுகிறது: கறாரான கணக்கில் ஏறத்தாழ எழுபது, மற்றதில் எண்பது. புதிதாகச் சேர்ந்த பத்துப் பேரில் ஏழு அல்லது எட்டுப் பேர் வந்து சேர்ந்தவர்கள்.

அப்படியென்றால் பெரியவர் சொன்னது சரிதானே என்று கேட்கலாம். வந்தார்கள் என்பது சரி. எங்கிருந்து வந்தார்கள் என்பதில்தான் ரேஷன் கடைப் பேச்சு வழி தவறுகிறது. வெளியூர் ஜனம் என்றதுமே இன்று எல்லோர் மனத்திலும் எழுவது வடக்கிலிருந்து வந்த பிள்ளைகளின் முகம். அவர்கள் வந்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் இந்தியைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 2001-க்கும் 2011-க்கும் இடையில் ஏறத்தாழ இரண்டு மடங்காகி, நான்கு லட்சத்தை நெருங்கினார்கள். ஆனால் அது மாநிலம் முழுவதற்குமான எண். திருவள்ளூர் என்ற ஒரே மாவட்டத்தின் வரவுக்கே அது போதாது. 2011-ல் இந்தியாவில் இடம்பெயர்ந்தவர்களாக எண்ணப்பட்ட 45 கோடிப் பேரில் மாநில எல்லையைத் தாண்டியவர்கள் ஐந்தரைக் கோடி அளவே. மற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் சொந்த மாநிலத்துக்குள்ளேயே நகர்ந்தவர்கள்.

ஓர் இடத்தில் கூடியிருந்தால் இன்னோர் இடத்தில் குறைந்திருக்க வேண்டும். குறைந்த இடங்களைத் தேடினேன்.

முதலில் அகப்பட்டது சென்னையே. பழைய சென்னை மாவட்டம் அந்தப் பத்தாண்டில் 43,43,645-லிருந்து 46,46,732-க்கு, வெறும் ஏழு சதவீதம் வளர்ந்தது. பிறப்பு மட்டுமே பத்து சதவீதத்தைக் கூட்டியிருக்க வேண்டிய இடத்தில் ஏழு என்றால், வந்தவர்களைவிடப் போனவர்கள் அதிகம். வாடகை தாளாமல், ஒரு கிரவுண்டில் பாதியாவது சொந்தமாக வேண்டும் என்று நகரத்தின் உள்ளேயிருந்து மேற்கே வந்தவர்கள் அவர்கள். ஆனால் சென்னையின் நிகர இழப்பு ஒன்றரை லட்சத்துக்குள்தான் அடங்குகிறது. திருவள்ளூருக்கு வந்தவர்களோ குறைந்தது 5 லட்சத்து 43 ஆயிரம். தெற்கே 39 சதவீதம் வளர்ந்த காஞ்சிபுரத்துக்கும் ஆள் வேண்டும். சென்னையால் மட்டும் இதை நிரப்ப முடியாது.

அடுத்த தடயம் மாவட்டப் பட்டியலின் அடிவரிகளில் இருந்தது. தஞ்சாவூர் 22,16,138-லிருந்து 24,05,890, எட்டரை சதவீதம். திருவாரூர் எட்டு சதவீதம். நீலகிரியில் ஜனத்தொகை குறைந்தே போயிருந்தது: 7,62,141-லிருந்து 7,35,394. காவிரிப் படுகையின் அந்த எட்டு சதவீதத்தைப் பார்த்துவிட்டு நூலகத்தில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். என் அப்பா தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர். அவர் கிளம்பியது இன்னும் முப்பது வருஷத்துக்கு முன்னால் என்றாலும், அந்த வழி தூர்ந்துபோகவில்லை என்று அந்த எண் சொன்னது.

வழியைப் போட்டவை தொழிற்சாலைகள். 1949-ல் டிஐ சைக்கிள்ஸ் கம்பெனி அம்பத்தூருக்கு வந்தது. 1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாடு ஆவடியில் கூடி, சோஷலிச பாணிச் சமுதாயம் என்ற தீர்மானத்தை நிறைவேற்றியது. ஆவடி என்பதே படைத் தளவாடக் கிடங்கின் ஆங்கிலச் சுருக்கம், டாங்கித் தொழிற்சாலையோடு வந்த பெயர் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். அந்தத் தொழிற்சாலை வந்தது 1961-ல். அதற்கு ஆறு வருஷம் முன்பே நாடெங்கும் செய்தித்தாள்களில் ஆவடி என்ற பெயர் அடிபட்டுவிட்டது. 1965 டிசம்பரில் முதல் விஜயந்தா டாங்கி அங்கிருந்து வெளிவந்தது. ராணுவ உடைத் தொழிற்சாலை, எஞ்சின் தொழிற்சாலை, போர் வாகன ஆராய்ச்சி நிறுவனம், விமானப்படை, மத்திய ரிசர்வ் போலீஸ் என்று அடுத்தடுத்துக் குவார்ட்டர்ஸ்கள் எழுந்தன. கேரளத்துக்காரரும் ஆந்திரக்காரரும் வங்காளியும் பஞ்சாபியும் ஆவடிச் சந்தையில் சேர்ந்து காய்கறி வாங்கத் தொடங்கியது அப்போதுதான். வடக்கத்தியர் ஆவடிக்குப் புதிதல்ல. அவர்கள் அங்கே அறுபது வருஷப் பழக்கம்.

பாடியில் வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டிவிஎஸ், சுந்தரம் கிளேட்டன். அறுபதுகளின் நடுவில் அம்பத்தூர் எஸ்டேட். பெரிய கம்பெனிக்கு உதிரிபாகம் செய்துகொடுக்க நூற்றுக்கணக்கான சின்னப் பட்டறைகள். ஒவ்வொன்றிலும் இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், ஏழெட்டு ஆட்கள். இங்கே வேலை விளம்பரத்தைப் பார்த்து வந்தவர்கள் குறைவு. ஒருவர் வந்து ரூம் எடுப்பார். ஆறு மாதத்தில் தம்பி வருவான். அவனோடு மச்சான். பிறகு பக்கத்துத் தெருப் பையன், ஐடிஐ ஃபிட்டர் படித்துவிட்டு. புறநகர் ரயிலில் போகிறவர்கள் நிலையப் பெயர்களைக் கவனித்திருப்பார்கள்: பட்டாபிராமில் ஒரு கிளைப்பாதை பிரிந்து மிலிட்டரி சைடிங் வரை போகும். பஸ் நிறுத்தங்களுக்குக் கம்பெனிகளின் பெயர். இந்த வரலாற்றை ஊர் தன் நெற்றியிலேயே எழுதி வைத்திருக்கிறது.

பூந்தமல்லி மட்டும் இந்த வரிசையில் சேராது. திருக்கச்சி நம்பிகள் பிறந்த பழைய ஊர். வெள்ளைக்காரப் படையின் முகாம் இருந்த ஊர். பெங்களூர் சாலையின் வாசல். அங்கே கறாரான கணக்கில் வரவு வளர்ச்சியில் பாதியைச் சற்றே தாண்டுகிறது, அவ்வளவுதான்.

இனி ஒரே ஒரு முடிச்சு பாக்கி. கணக்கெடுப்பில் 1971 முதல், கடைசியாக எங்கே குடியிருந்தீர்கள் என்ற கேள்வி இருக்கிறது; 1981 முதல், ஏன் வந்தீர்கள் என்ற கேள்வியும். இந்தப் பதில்களைக் கூட்டினால் இந்தியாவில் ஆட்கள் இடம்பெயர முதல் காரணம் கல்யாணம் என்று வருகிறது. வேலை பின்னால் நிற்கிறது. எஸ்டேட்டும் டாங்கித் தொழிற்சாலையும் கண்ணெதிரே இருக்கும்போது, எங்கள் ஊருக்கு இதை எப்படிப் பொருத்துவது?

விடை எங்கள் வீட்டுப் பரணில் இருந்த தகரப் பெட்டியில் கிடைத்தது. அப்பா காலமான பிறகு யாரும் திறக்காத பெட்டி. உள்ளே பட்டறையின் சம்பளச் சீட்டுகள், பழைய குடும்ப அட்டை, அதோடு பழுப்பேறிய ஒரு தாள்: தஞ்சாவூர் ரேஷன் அட்டையிலிருந்து அப்பாவின் பெயரை நீக்கியதற்கான சான்று. அந்தச் சான்று இல்லாமல் புது ஊரில் அட்டை வாங்க முடியாது. வரவைப் பதிய நம்மிடம் ஏடு இல்லை என்று மேலே எழுதினேன். ஒரு குடும்பம் ஊர் மாறியதற்கான அரசாங்கச் சாட்சியாக அந்த ஒரு தாள் எங்கள் பெட்டியில் பத்திரமாக இருந்திருக்கிறது.

அந்தத் தாளை வைத்துக்கொண்டு எங்கள் வீட்டையே ஒரு கணக்கெடுப்புப் படிவமாக நிரப்பிப் பார்த்தேன். அப்பா ஏன் வந்தார்? வேலை. அம்மா ஏன் வந்தார்? கல்யாணம். தாத்தா போன பிறகு ஊரில் தனியாக இருக்க வேண்டாம் என்று அழைத்து வந்த பாட்டி? குடும்பத்தோடு வந்தவர். கும்பகோணத்தில் பிறந்து மூன்றாம் மாதம் வந்த நான்? பிறந்த பின் வந்தவள்; 2001-ல் இதற்கென்றே ஒரு கட்டம் சேர்த்தார்கள். எங்களைப் போன்ற தலைப்பிரசவப் பிள்ளைகளை அந்தக் கட்டம்தான் பிரித்துக் காட்டுகிறது. நான்கு பேர், நான்கு காரணம். ஆனால் அப்பாவுக்கு எஸ்டேட்டில் அந்த லேத் கிடைக்காமல் இருந்திருந்தால் நான்கு பேரில் ஒருவர்கூட இங்கே வந்திருக்கப் போவதில்லை. அட்டவணையில் வேலை என்ற கட்டத்தில் விழுந்தவர் ஒருவர். வேலையால் வந்தவர்கள் நான்கு பேர். அம்மாவிடம் இதைச் சொன்னேன். "கல்யாணம் பண்ணிக்கத்தானே வந்தேன்" என்றார் முதலில். சற்று யோசித்துவிட்டு, "உங்கப்பாவுக்கு வேலை அங்கேயே இருந்திருந்தா நான் எதுக்கு வரப்போறேன்" என்றார்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கழித்தல் கணக்கில் பிறப்பு என்று நான் ஒதுக்கிய பத்து சதவீதத்துக்குள் என் தம்பியைப் போன்றவர்கள் இருக்கிறார்கள்: வந்தவர்களுக்குப் பிறந்தவர்கள். அவர்களையும் வரவின் பக்கம் வைத்தால், இந்த ஊரில் பழைய குடிகளின் பங்கு இன்னும் சுருங்கும். அம்பத்தூர் ஏரிக்கரையிலும் பழைய கிராமத் தெருக்களிலும் அந்தக் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. அவர்கள் நிலத்தில்தான் எஸ்டேட் எழுந்தது. வெளியூர்க்காரர் என்று எங்களைச் சொல்லும் உரிமை யாருக்காவது இருந்தால் அது அவர்களுக்குத்தான்.

என் தீர்ப்பு இது. 2001-க்கும் 2011-க்கும் இடையில் அம்பத்தூரிலும் ஆவடியிலும் கூடிய ஜனத்தில் முக்கால் பங்கு வரவு. அந்த வரவில் பெரும்பகுதி நம் மாவட்டங்களிலிருந்தும் சென்னையின் உள்ளேயிருந்தும் வந்தது.

2021-ல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், இப்போது 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாக வைத்து அறிவிக்கப்பட்டிருக்கிறது. பதினாறு வருஷ வரவு இன்னும் எண்ணப்படாமல் இருக்கிறது. கணக்கெடுக்க வருகிறவரிடம் அவசரத்தில் "இங்கேதான், ரொம்ப வருஷமா" என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். எந்த ஊரில் பிறந்தீர்கள், கடைசியாக எங்கே குடியிருந்தீர்கள், எத்தனை வருஷம் ஆயிற்று, எதற்காக வந்தீர்கள் என்பதை நிதானமாகச் சொல்லுங்கள். வீட்டில் வயதான அம்மா இருந்தால், அவருடைய பதிலையும் அவரிடமே கேட்டு எழுதச் சொல்லுங்கள்.